சலூன் பின்கதவில் நரைத்த தலைகள்

இல்லைங்க, என் தலையில் இருப்பது டை இல்லை, சொந்தக் கருப்புதான். சலூன்காரர் சம்பந்தியாக இருந்தால் ஊர் இப்படித்தான் பேசும். ஆனால் அந்த மனுஷன் இப்போது படும் பாடு யாருக்கும் தெரியாது.

அவர் மகள்தான் என் மருமகள். இந்த மாதம் எங்களுக்குப் பேத்தி பிறந்தாள். போனில் படத்தைப் பார்த்ததும், "தல நிறைய முடி, சம்பந்தி! நம்ம கடைக்கு வாடிக்கை பொறந்தாச்சு" என்று கூத்தாடினார். நானும் பால்காரர் வரைக்கும் படத்தைக் காட்டிவிட்டேன்.

அப்போதே ஊரெல்லாம் தொற்று. ஆஸ்பத்திரியில் மூச்சு மெஷின் போதவில்லை. சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் நியாயம் பேசினார்கள்.

"நாமெல்லாம் வாழ்ந்து முடிச்சவங்கப்பா. சின்னஞ்சிறுசுங்களுக்குத்தான் மெஷின் தரணும்" என்றார் ரிட்டயர் ஆன வாத்தியார்.

"அதானே முறை" என்று சம்பந்தி கத்தரியை ஆட்டினார்.

பிறகு ஒரு வதந்தி கிளம்பியது: நரைத்த தலையை ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒதுக்குகிறார்களாம். கடைகளை மூடச் சொன்ன மறுநாள், சலூன் பின்கதவைத் தட்டியவர் அதே வாத்தியார்.

"என்ன சார், பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"கிண்டல் பண்ணாம டை அடிப்பா. வெளிய சொல்லிடாத."

அப்புறம் வரிசையாக வந்தார்கள். சம்பந்தி சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் டை அடித்துவிட்டார்.

முந்தாநாள் அவர் வீட்டுக்காரம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அறுபதைத் தாண்டியவர், தலை பஞ்சு மாதிரி வெள்ளை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வருவதற்குள் சம்பந்தி கிண்ணத்தில் டையைக் கலக்கினாராம்.

"ஏங்க, மூச்சு முட்டுது... இந்த நாத்தம் வேற... விடுங்க."

"கொஞ்சம் பொறும்மா. பேத்தியத் தூக்க வேணாமா?"

அத்தனை பேர் கழுத்தில் நிதானமாகக் கத்தி வைத்த கை, அன்றைக்கு டையை அள்ளி அப்பியது. நெற்றியிலும் காதிலும் கருப்பு வழிந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்தம்மாவின் வயதைக் கேட்டதற்கு, "நாப்பத்தெட்டு" என்று சம்பந்தியின் வாய் தானாகச் சொல்லிவிட்டதாம். அவள் திட்டவில்லை. அந்தம்மா நெற்றியில் இருந்த கருப்பைத் துடைத்துவிட்டு, விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டினாள்.

"ஐயா, நாங்க முடியப் பாக்கறதில்ல, மூச்சத்தான் பாக்கறோம். இப்ப மெஷின் எதுவும் காலியில்ல. ஆக்ஸிஜன் மட்டும் வைக்கிறோம்."

அவரை உள்ளே விடவில்லை. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாராம். பக்கத்துக் கட்டிலில் என் மருமகள் வயதில் ஒரு பெண், மெஷினோடு படுத்திருந்தாளாம்.

நேற்று சாயங்காலம் போன் செய்தார். "சம்பந்தி, இவளப் பாக்க வந்துட்டு அந்தப் பொண்ணோட மெஷினையே பாத்துட்டிருக்கேன். அது எப்ப காலியாகும்னு மனசு கெடந்து அலையுது. எனக்கு என்னப் பாத்தாலே பயமா இருக்கு."

தொற்றுக்குப் பயந்து எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்திருந்த பேத்தி, என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். இந்தக் குழந்தைக்கு ஒரு பாட்டி குறையக் கூடாதே என்றுதான் நானும் நினைத்தேன். அந்தப் பெண்ணுக்கும் வீட்டில் குழந்தை இருக்குமோ என்று கேட்க வாய் வரவில்லை.

இன்று காலை மறுபடியும் போன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"சம்பந்தி, இவளுக்கு மெஷின் மாட்டிட்டாங்க."

"அப்பாடா! எப்படிக் கெடச்சுது?"

"பக்கத்துக் கட்டில் காலியாயிருச்சு. எப்படிக் காலியாச்சுன்னு நான் கேக்கல. நீங்களும் கேக்காதீங்க."