மதரின் இரண்டு அண்ணன்கள்

அந்தக் கடிதத்தை மதருக்கு வாசித்துக் காட்டியது நான்தான். அயர்லாந்துத் தபால்தலை ஒட்டிய உறை. ஐப்பசி மழையில் நனைந்து ஒரு மூலை உப்பியிருந்தது. கண்புரை முற்றியிருந்ததால் மதருக்கு வாசிக்க முடியாது. உறையை மூக்கருகே பிடித்து எழுத்தின் சாய்வை மட்டும் நெடுநேரம் பார்த்தார். “இது அவன் கையெழுத்து இல்ல. பிரி,” என்றார்.

வயதான கன்னியாஸ்திரிகளுக்கான ஓர் இல்லத்தில் அப்போது நான் நர்ஸ். முத்தியால்பேட்டையிலிருந்து சைக்கிளில் போவேன். பதினான்கு பேரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, புண் துடைத்து முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். அவர்களில் ஒருவர் மதர். அயர்லாந்தில் பிறந்து, பிரெஞ்சுக் கன்னியர் சபையொன்றில் சேர்ந்து, பத்தொன்பது வயதில் கப்பலேறிப் புதுச்சேரிக்கு வந்தவர். ஊரார் அவரைப் பிரெஞ்சுக்காரி என்றே நினைத்தார்கள், அவரும் திருத்தியதில்லை. இங்கிலீஷ்காரி என்று யாராவது சொல்லிவிட்டால் மட்டும் முகம் சிவந்துவிடும். எங்கள் தெருக்களில் புழங்கிப் புழங்கி அவர் பேச்சு எங்கள் பேச்சாகவே ஆகியிருந்தது.

கால்புண்ணுக்குக் கட்டுப் போடும் நேரங்களில் அவர் வீட்டுக் கதையைத் துண்டுதுண்டாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு இரண்டு அண்ணன்கள். இங்கிலாந்தை எதிர்த்த கலகத்தில் இருவரும் ஒரே வைக்கோல் போரில் ஒளிந்திருந்தவர்கள். பிறகு இங்கிலாந்தோடு ஓர் ஒப்பந்தம் வந்தது. இவ்வளவாவது கிடைத்ததே என்று பாதி நாடு ஏற்றுக்கொண்டது. இது துரோகம் என்று மீதி நாடு துப்பாக்கியைக் கீழே வைக்க மறுத்தது. பெரியவன் புதிய அரசின் படையில் சேர்ந்தான். சின்னவன் மலைக்குத் திரும்பினான். துப்பாக்கியை விடாதவர்களுக்கு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் கிடையாது என்று ஆயர்கள் அறிவித்தார்கள். தங்கள் ஊர்க் கோயிலில் நற்கருணைக்காக மண்டியிட்டிருந்த சின்ன அண்ணனைப் பங்குச் சாமியார் பார்க்காததுபோல் தாண்டிப் போனதை மதர் தன் கண்ணால் கண்டிருக்கிறார். சில மாதங்களில் அவனைப் பிடித்து, ஒரு விடியற்காலையில் படைமுகாமின் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அதே முகாமில்தான் பெரிய அண்ணன் சிப்பாய்.

பெரியவன் வீடு தேடி வந்தபோது அவர்களுடைய அம்மா கதவைச் சாத்திவிட்டாராம். சின்னவன் கடைசியில் பாவசங்கீர்த்தனம் செய்தானா, சாமியார் யாராவது வந்தாரா என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அது இல்லாமல் செத்தால் ஆன்மாவுக்குக் கதியில்லை என்பது அவர்கள் பயம். மதருக்கு அப்போது ஒன்பது வயது. அந்தத் தெரியாமைதான் அவரை மடத்துக்கு அனுப்பியது. தினமும் ஒரு ஜெபமாலை அவனுக்கு. பெரியவன் கிறிஸ்துமஸ்தோறும் எழுதிய கடிதங்களை மதர் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

இந்தக் கடிதம் பெரியவனின் மகள் எழுதியது. அப்பா இறந்துவிட்டார் என்று தொடங்கியது. என் இங்கிலீஷ் அப்படி இப்படித்தான். தடுமாறித் தடுமாறித் தமிழில் சொன்னேன். அந்த விடியலில் சாமியாருக்காகக் காத்திருக்க முடியாது என்று அதிகாரி சொல்லிவிட்டாராம். பெரியவன் காலில் விழாத குறையாக ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டு வாங்கி, மழையில் சைக்கிள் மிதித்துப் போய், பக்கத்து மடத்துச் சாமியாரை முன்கம்பியில் உட்காரவைத்துக் கூட்டிவந்திருக்கிறான். தம்பி பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்கும்வரை வாசலில் நின்றிருக்கிறான். அந்த வாரமே படையை விட்டுவிட்டான். இதைச் சொல்லத்தான் அப்பா வருடா வருடம் எழுதினார், சாவதற்கு முந்தின வாரம்கூட உங்களிடமிருந்து பதில் வந்ததா என்று கேட்டார் என்று முடித்திருந்தாள்.

சைக்கிள் வரும் இடத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார் மதர். மூன்றாம் முறையும் வாசித்தேன். அவர் அழவில்லை. மடியில் கையை மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நான் போனபோது ஜெபமாலை மேசைமேல் கிடந்தது. “இன்னிக்கி முடியல,” என்றார். “சின்னவனுக்கு அன்னிக்கே எல்லாம் கெடச்சிருக்கு. எழுவது வருஷமா நான்தான் தெரியாம கேட்டுக்கினே இருந்திருக்கேன். பெரியவனுக்கு ஒரு நாளும் கேக்கல.”

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. அன்று பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். உங்க கோயில்ல பெரியவன் பேரைக் கொடு என்றார் மதர். சின்னவர் பேரையும் எழுதட்டுமா என்று கேட்டேன். நான் கட்டை அவிழ்த்து, புண்ணைத் துடைத்து, மறுபடி சுற்றி முடித்த பிறகுதான் சொன்னார்.

“சேத்தே எழுது. சண்டை போட்டுக்குவானுங்க. போட்டுக்கட்டும்.”

திருநாளன்று அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து எங்கள் கோயிலுக்கே தள்ளிக்கொண்டு போனேன். எங்கள் நாக்குக்கு வராத அந்தப் பெயர்களை உபதேசியார் ஒன்றன்பின் ஒன்றாக உடைத்து உடைத்து வாசித்தார். மதர் தலையைக் குனிந்துகொண்டார். மன்னித்துவிட்ட முகம் என்று என்னால் சொல்ல முடியாது. களைத்த முகம், அவ்வளவுதான். திரும்பும் வழியில், மனசு ஆறுச்சா மதர் என்று கேட்டேன்.

“ஒரு வருஷத்துல ஆறாதும்மா. அடுத்த வருஷமும் கொடு.”

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு அவர் இல்லை. எனக்கும் இப்போது முழங்கால் தேய்ந்துவிட்டது; வேலையை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. ஒவ்வொரு வருடமும் மழையில் வரிசையில் நிற்கும்போது இது எனக்கெதற்கு என்று தோன்றாமல் இல்லை. ஆனாலும் எழுதிக் கொடுக்கிறேன். இரண்டு பெயர்களுக்குக் கீழே மூன்றாவதாக மதர் பெயர். போன வருடம் வந்த புது உபதேசியார் சீட்டைப் பார்த்துவிட்டு, இவங்கல்லாம் உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டார்.

“எனக்கு ஒறவு ஒண்ணும் இல்ல. ஒரே வூட்டு ஆளுங்க. சேத்தே படிங்க,” என்றேன்.