எங்கள் மாவட்டத்தின் முன்வரிசைக்காரர்

பயிற்சியாளர் அண்ணையின் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைத்தான் பார்த்தார். எங்கள் கடை வாசலில் பால் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த அண்ணையைத் திரும்பி நிற்கச் சொல்லி, பிடரியில் கையை வைத்து அமத்திப் பார்த்தார். அந்த ஊர்ச் சந்தைக்கு மாடு வாங்க வருகிறவர்களும் அப்படித்தான் அமத்திப் பார்ப்பார்கள். பிறகு அப்பாவிடம் ஏதோ கேட்டார். அவருடைய ஆங்கிலம் அப்பாவுக்குப் பிடிபடவில்லை.

"என்னவாம்?"

"அண்ணை வயலில கல்லுப் பொறுக்கினவரோ எண்டு கேக்கிறார், அப்பா."

"ஓம் எண்டு சொல்லு. ரெண்டு வரியமாப் பக்கத்துப் பண்ணையளில பொறுக்கிறான் எண்டு சொல்லு."

அந்த ஒரு கேள்விக்குள் அந்த மாவட்டத்தின் சரித்திரம் முழுவதும் இருந்தது என்பது எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது. மொன்றியலிலிருந்து ஆற்றைக் கடந்து தெற்கே ஒரு மணித்தியாலம் போனால், அமெரிக்க எல்லைக்குக் கிட்ட வரும் பூமி அது. ஸ்கொட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்தவர்கள் காடு வெட்டிக் கழனியாக்கியது. ஒவ்வொரு குளிர்காலமும் உறைபனி மண்ணுக்குள் கிடக்கும் கற்களை மேலே தள்ளிவிடும். பனி உருகியதும் குடும்பத்தோடு இறங்கி அவற்றைப் பொறுக்கி வேலியோரம் குவிப்பார்கள். அப்படிக் கல் தூக்கி வளர்ந்த ஆண்பிள்ளைகள், சோளம் அறுத்து முடிந்ததும் நகரத்திலிருந்த ஒரு கல்லூரிக்குப் போய் ஃபுட்போல் ஆடினார்கள். காலால் உதைக்கும் ஆட்டமல்ல. முட்டை வடிவான பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட, முன்வரிசையில் நிற்பவர்கள் எதிரிகளை மோதித் தள்ளி வழி திறந்துகொடுக்கும் ஆட்டம். அந்த மாவட்டம் பந்தோடு ஓடுகிறவர்களைப் பெற்றதில்லை. மோதுகிறவர்களையே பெற்றது. ஊர் மண்டபத்துச் சுவரில் தாத்தா, மகன், பேரன் என்று ஒரே தாடையோடு வரிசையாகத் தொங்கினார்கள். "கல்லைத் தூக்கினவனை ஒருத்தனும் தள்ளேலாது" என்பது பயிற்சியாளரின் வேதவாக்கு. அவரும் அந்தச் சுவரில் தொங்கியவர்தான்.

நாங்கள் அங்கே இருந்த ஒரேயொரு தமிழ்க் குடும்பம். நகரத்து உணவகங்களில் கோப்பை கழுவிக் களைத்த அப்பா, அந்தச் சந்தியிலிருந்த தெப்பனரை, அங்கத்தைய சில்லறைக் கடையை, வாங்கி எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். சனங்கள் வருவார்கள், பாலும் சிகரெட்டும் எடுப்பார்கள், எங்களுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தபடி நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூட பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை மூன்று வருடமாக வெறுமையாகவே இருந்தது.

அண்ணை அந்தக் கல்லூரி அணிக்குள் போன இலையுதிர்காலத்தில் எல்லாம் மாறியது. அவருடைய பெயர் வாயில் நுழையாததால் "கல்லு" என்று பெயர் வைத்தார்கள். கடைக்கு வந்தவர்கள் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அப்பா வெற்றிக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் கதவில் தொங்கவிட்டார். "இப்பதான் எங்களை மனுசரா மதிக்கிறாங்கள்" என்று அம்மாவிடம் சொன்னார். எனக்குப் பக்கத்து இருக்கை நிரம்பியது. ஒரு பண்ணைக்காரரின் மகள் அண்ணையின் இலக்கம் போட்ட சட்டையோடு வந்து என் தோளில் கை போட்டாள். எனக்குப் பதினைந்து வயது. அந்தக் கையின் பாரம் எவ்வளவு இனிமையாக இருந்தது என்பதை மறைப்பதில் இனிப் பிரயோசனமில்லை.

இறுதி ஆட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முன், ஓர் ஆட்டத்தில் அண்ணையின் தலை யாருடைய முழங்காலிலோ அடிபட்டது. எழும்பி, எதிரணியின் வரிசையில் போய் நின்றார். பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் சிரித்தோம். நானும்தான். வீட்டுக்கு வந்த அண்ணை சீனிப் போத்தலுக்குள் பாலை ஊற்றினார். கடைக்குப் பின்னால் போய்ச் சத்தியெடுத்துவிட்டு, தண்ணீரால் கழுவினார். நான் பார்த்துவிட்டேன்.

"அம்மாட்டச் சொல்லிப்போடாத, தங்கச்சி. தலைக்குள்ள கொஞ்சம் இரைச்சல், அவ்வளவுதான்."

மூன்றாம் நாள் கல்லூரியிலிருந்து காயங்களைப் பார்க்கும் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பதிலாக ஆங்கிலம் பேசுவது நான்தான் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தலையிடி, வாந்தி, மறதி ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக, பொறுமையாகக் கேட்டாள். நல்ல குரல். அண்ணை எனக்கு முன்னால் நின்று, இல்லையென்று சொல்லும்படி தலையை ஆட்டினார். ஆட்டியபோதே வலியில் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடுகிறார் என்று நான் சொன்னேன். அண்ணை கெஞ்சியதால் சொன்னேன் என்று பல வருடங்களாக எனக்கு நானே சொல்லிவந்தேன். பொய். அவர் ஆடாவிட்டால் பஸ்ஸில் என் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதுதான் அப்போது என் மனதில் ஓடியது.

இறுதி ஆட்டத்தில் அண்ணை மோதித் திறந்த வழியால்தான் பந்து போனது. மாவட்டமே எழுந்து நின்று கத்தியது. அண்ணை புல்லில் கிடந்தார். ஒரு கை மட்டும் முழங்கையிலிருந்து மேலே நீண்டு விறைத்து நின்றது. அவர் வெற்றியைக் கொண்டாடுகிறார் என்று நினைத்து, எங்கள் பக்கத்துச் சனங்களும் கையை அப்படியே உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன்.

அவர் கண் விழிக்கப் பல நாள் சென்றது. ஒரு மாதம்வரை பை பையாகப் பலகாரம் வந்தது. பயிற்சியாளர் ஒரு தடவை வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சனங்கள் பாலுக்குத் தூரத்துக் கடைக்குப் போகத் தொடங்கினார்கள். எங்கள்மேல் அவர்களுக்கு வெறுப்பில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்த அண்ணையைப் பார்க்க அவர்களுக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். அண்ணைக்கு இனி ஏலாது என்பதை அப்பாதான் கடைசிவரை நம்பவில்லை. ஒவ்வொரு காலையும் சப்பாத்தை அண்ணையின் முன்னால் போட்டு, "கட்டடா. நடியாத, கட்டு" என்பார். அண்ணையின் விரல்கள் நாடாவைச் சுற்றிச் சுற்றித் தோற்கும். ஒருநாள் அப்பா அந்தச் சப்பாத்தாலேயே அவருக்கு அடித்தார். அடித்துவிட்டு உள்ளே போய்ச் சுவரில் தன் தலையை மோதிக்கொண்டார்.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. மொன்றியலின் புறநகரான டொலார்டில் என் வீட்டில் அண்ணை இருக்கிறார். காலையில் நடந்தது மத்தியானத்துக்கு நினைவிராது. பழையதில் அங்கொன்றும் இங்கொன்றும் மிஞ்சியிருக்கிறது. போன இலையுதிர்காலத்தில் அந்த ஊரிலிருந்து அழைப்பு வந்தது. மாவட்டத்தின் சரித்திரத்தைப் புத்தகமாக்கியிருக்கிறார்களாம். கல்லூரிக்கு ஆடியவர்களைக் கௌரவிக்கிறார்களாம். போகாமல் விட்டிருக்கலாம். நடந்ததற்கு வருந்தி ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன்.

முன்வரிசையில் எங்களை இருத்தினார்கள். புத்தகத்தில் அண்ணைக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தார்கள். அதில் அவருடைய பெயர் இல்லை. "கல்லு" என்று மட்டும் இருந்தது. "மாவட்டத்துக்காக எல்லாவற்றையும் கொடுத்தவர்" என்று ஒரு வரி. பிறகு விளக்கை அணைத்து, அந்த ஆட்டத்தைத் திரையில் போட்டார்கள். மோதலை மெதுவாக்கி மூன்று தரம் காட்டினார்கள். மூன்று தரமும் மண்டபம் கைதட்டியது. முதுமையில் வளைந்துபோன பயிற்சியாளர் எழுந்து நின்று தட்டினார். எனக்குப் பக்கத்தில் யாரோ மிகுந்த சந்தோஷத்தோடு, தாளம் தப்பத் தப்பத் தட்டும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அண்ணை.

வீட்டுக்குத் திரும்பும்போது பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. மண்டபத்தில் கொடுத்த கேக் துண்டு கடதாசித் தட்டோடு அண்ணையின் மடியில் இருந்தது.

"அந்தப் பெடியன் பேந்து எழும்பினவனோ?" என்று கேட்டார்.

"எந்தப் பெடியன், அண்ணை?"

"படத்தில விழுந்தவன்."

"இல்லை. எழும்பேல்லை."

"பாவம்." மடியில் சரிந்த தட்டை நேராக்கினார். "விளையாட வேண்டாமெண்டு அவனுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"அவன்ர தங்கச்சிக்குத் தெரியும். கேட்டவையள். அவள் சொல்லேல்லை."

அண்ணை என் பக்கம் திரும்பி, முகத்தைச் சுளித்தார்.

"கூடாத பெட்டை," என்றார்.

பிறகு கேக்கைப் பாதியாகப் பிய்த்து, பெரிய பாதியை எனக்கு நீட்டினார். நான் வாங்கித் தின்றேன்.