லோகோவுக்கு இடம் கொடுத்தவர்

அவருக்குச் 'சரிங்க' என்று பெயர் வைத்தது அவருடைய அக்காதான். எதற்கும் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. முடிவெட்டுகிறவர் ஒருமுறை பேச்சுவாக்கில், "மீசையையும் எடுத்துடலாமா?" என்று கேட்க, இவர் "சரிங்க" என்றுவிட்டார். மழமழவென்ற மேலுதட்டோடு வீட்டுக்குப் போனபோது, யாரோ வந்திருக்கிறார் என்று அவர் மகளே கதவைச் சாத்தினாள். பெயர் அன்றைக்கு நிலைத்தது.

அக்காவுக்கும் அவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. கீழே சலவைக்கடை, மாடியில் டிரோன் கம்பெனி. நீராவியும் சோப்பு வாசனையும் படியேறி வந்து சர்க்யூட் போர்டுகளின் மேல் உட்கார்ந்துகொள்ளும். டிரோனைப் பறக்கவிட்டுச் சோதிப்பது அக்கா. கண்ணைச் சுற்றி மூடும் காகிள்ஸை மாட்டிக்கொண்டால், மேலே போன கேமரா பார்ப்பதெல்லாம் அவள் கண்ணுக்குள் தெரியும். அந்தப் படத்தின் மேல் பேட்டரி எவ்வளவு, உயரம் எவ்வளவு, கிளம்பிய இடம் எந்தப் பக்கம் என்று எழுத்தாகவும் அம்பாகவும் காட்டுகிற மென்பொருளை எழுதுவது தம்பி.

வேலையில் மட்டும் ஆள் கெட்டி. அந்த அம்பு முன்பெல்லாம் பேய் பிடித்ததுபோல் ஆடிக்கொண்டிருந்தது. அதை அடக்கி, பதினாறு திசைக்குப் பதினாறு அம்புகள் வரைந்து, திரும்பும் பக்கமெல்லாம் வழுக்கிக்கொண்டு வரும்படி செய்தவர் அவர்தான். ஆனால் எழுத்தோ அம்போ படமோ, திரையில் காட்டுவதையெல்லாம் வைத்திருக்கும் சிப்பில் இருப்பதோ எண்ணி வைத்த அறைகள். ஒன்று புதிதாகக் குடிவந்தால் இன்னொன்று மூட்டை கட்ட வேண்டும்.

இந்த நிலையில்தான் கம்பெனிக்குப் புது லோகோ வந்தது. முதலாளியின் மச்சினர் வரைந்தது. கிரீடம் வைத்த கழுகு என்றார்கள். பார்த்தவர்களுக்குச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்ட கோழிதான் தெரிந்தது.

"இது ஸ்கிரீன்ல எப்பவும் தெரியணும். நடுவுல, பெருசா," என்றார் முதலாளி.

"எழுத்துக்கே அங்க இடம்..."

"இடம் இல்லன்னா உண்டாக்குங்க. அதுக்குத்தானே உங்கள வச்சிருக்கோம்?"

"சரிங்க."

ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடம் கொடுத்த கதைதான். முதலில் சிறிய எழுத்துகள் வெளியேறின. பிறகு சில குறிகள். கோழி உடம்பு உள்ளே வந்துவிட்டது, கிரீடம் மட்டும் வாசலில் நின்றது. அம்புகளில் கை வைத்தார். பதினாறு நாலாயிற்று, கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி.

"நேரே, பின்னால, இடது, வலது. அவ்வளவுதானா? நான் நடுவுல எங்கயாவது மாட்டிக்கிட்டா?" என்று அக்கா கேட்டாள்.

"தோராயமா காட்டும்க்கா."

"நீ தோராயமாத்தான் வீட்டுக்குப் போறியாடா?"

காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து மூன்று பேர் பார்வையிட வந்தார்கள். கூரைகளைப் படமெடுக்க அவர்களுக்கு டிரோன் வேண்டும். மைதானத்தில் பெரிய டிவி வைத்து, அக்கா பார்ப்பதை எல்லோரும் பார்க்க ஏற்பாடு. டிரோன் ஏறியது. பாதியில் பனி இறங்கிப் படம் வெள்ளைத்துணியானது. அதன் நடுவில் கோழி மட்டும் பளிச்சென்று நின்றது. அக்கா திருப்பிவிட்டாள். அம்பு நேரே போ என்றது, போனாள். சட்டென்று இடது என்றது, திரும்பினாள். மறுபடி நேரே. தள்ளாடித் தள்ளாடி வந்ததில் பேட்டரி காலி. பக்கத்துத் தொழிற்சாலையின் கழிவுநீர்க் குட்டையில் டிரோன் தொப்பென்று விழுந்தது. டிவியில் கடைசிப் படம் அப்படியே உறைந்தது: பழுப்புத் தண்ணீர், மேலே கிரீடம்.

வந்தவர்களில் மூத்தவர் கிளம்பும்போது, "முதல்ல உங்க டிரோனுக்கு ஒரு பாலிசி எடுத்துக்கோங்க" என்றார்.

முதலாளி பழியைப் பனிமேல் போட்டார். பிறகு சரிங்கவை ஓரமாக அழைத்து, "லோகோ கடைசி வரைக்கும் தெரிஞ்சுதே, கவனிச்சீங்களா?" என்று பூரித்தார்.

அக்கா டிரோனை வாளியில் போட்டுக்கொண்டுவந்து தம்பியின் மேசையில் வைத்தாள். நாற்றம் கீழே சலவைக்கடை வரை போயிற்று. "கண்ணக் கட்டிக்கிட்டு அங்க நிக்கறது நான்தான்டா. அந்தாளு இல்ல," என்றாள்.

சரிங்கவுக்குச் சுருக்கென்றது. கழிவறைக் கண்ணாடியின் முன் நின்று "முடியாதுங்க, முடியாதுங்க" என்று சொல்லிப் பழகினார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதலாளி அறைக்குள் போனார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். லோகோவ இன்னும் கொஞ்சம் பெருசாக்கலாமா?"

"சரிங்க."

வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் வாய் தோற்ற இடத்தில் கை முந்திக்கொண்டது. டிரோனுக்கு மின்சாரம் வந்ததும் லோகோ திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு தோன்றும். விசிறிகள் சுழலும் முன் அறைகளையெல்லாம் காலி செய்துவிட்டு நகர்ந்துவிடும். பதினாறு அம்புகளும் பழைய இடத்துக்கு வந்துவிடும். அப்படி எழுதினார்.

முதலாளி காகிள்ஸை மாட்டிப் பார்த்தார். "அடேங்கப்பா! எம்மாம் பெருசு!" டிரோன் தரையை விட்டதும் அவருக்குக் குடலைப் புரட்டியது. காகிள்ஸைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கீழே உட்கார்ந்துகொண்டார். காகிள்ஸ் மாட்டி அவர் ஒருநாளும் ஒரு பறத்தலை முழுதாகப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அக்காவுக்கும் தம்பிக்கும் தெரிந்தது. இவ்வளவு நாளும் நடுவில் என்ன தெரிய வேண்டும் என்று உத்தரவு போட்டவர் அவர்.

அடுத்து வந்த வாடிக்கையாளர் தூறலில் பறக்கவிட்டுப் பார்த்து, திரும்பிவர வழிகாட்டிய அம்பைப் பாராட்டினார். "அதெல்லாம் நம்ம டிசைன் ஹெட்டோட கைவண்ணம்," என்று முதலாளி தன் மச்சினரைக் காட்டினார். மச்சினர் கும்பிட்டார். கைதட்டியவர்களில் சரிங்கவும் ஒருவர்.

"உனக்குக் கோவமே வராதா?" என்று அக்கா படியிறங்கும்போது கேட்டாள்.

"வரும்க்கா. அத எங்க வைக்கறதுன்னுதான் தெரியல."

அக்கா சிரித்துவிட்டாள். "சரி விடு. பேட்டரி எழுத்த மட்டும் கொஞ்சம் கீழ இறக்கு. மூக்கு மேல உக்காந்திருக்கு."

அவர் பாதிப் படியிலிருந்து திரும்பி மேலே ஏறினார்.