செத்துப்போன தலைவரின் தண்ணீர்

அந்தக் காவல்காரன் மீது எனக்கு இன்றைக்கும் கோபம்தான். நாற்பது வருடமாகிறது, ஆள் செத்தும் போயிருப்பான். இருந்தாலும் எனக்கு ஆறவில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எனக்கு மூத்தவள் ராத்தாவுக்கும் கல்முனையில் வாப்பா வீடு கட்டிக் கொடுத்திருந்தார். ஆனால் தபால் கந்தோரில் வேலை பார்த்த மச்சானைக் கண்டிப் பக்கத்துச் சிங்கள ஊர் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். ராத்தாவும் கூடப் போனாள். மூன்று மாதம் கழித்து வாப்பா வேன் பிடித்து, என்னையும் கூட்டிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனார். உம்மா காய்ச்சலில் கிடந்ததால் வரவில்லை. எனக்கு அப்போது பத்து வயது.

வந்தவர்களுக்கு எதையாவது காட்ட வேண்டுமே என்று மச்சான் எங்களைப் பக்கத்திலிருந்த வளவ்வைக்குக் கூட்டிப்போனார். கண்டி ராசா காலத்தில் படை நடத்திய தலைவர் ஒருவரின் பெரிய வீடு அது. அப்படியே பாதுகாத்து வைத்திருந்தார்கள். சுவரில் அவருடைய வாள்கள், அவர் படுத்த கட்டில், அவர் துப்பிய படிக்கம். பின்னால் தோட்டம். ஒழுங்காக வெட்டிய செடிகள், பாசி பிடித்த கற்பாதை, நடுவில் விளிம்புவரை தண்ணீர் நிறைந்த கருங்கல் தொட்டி. எல்லாவற்றையும் காவல்காரன்தான் காட்டினான். ராத்தா வாடகைக்கு இருந்த அறையும் அவனுடையதுதான். தோட்டத்து வேலிக்கு அப்பால் அவன் வீட்டோடு ஒட்டியிருந்தது.

ளுஹர் தொழுகை நேரம் வந்தது. பள்ளிவாசலில் தொழுமுன் கை கால் கழுவும் ஹவுளைக் கண்டே பழகிய மனிதர், தோட்டத்தில் கல் தொட்டியும் தண்ணீரும் கண்டால் என்ன நினைப்பார்? வாப்பா சாரனை உயர்த்திக்கொண்டு விளிம்பில் குந்தி, பிஸ்மி சொல்லி வுளு எடுக்கத் தொடங்கிவிட்டார். முகம் கழுவி, தலை தடவி, வலது காலில் தண்ணீர் ஊற்றும்போது காவல்காரன் கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

அவன் கத்தியதில் பாதியைத்தான் மச்சான் தமிழில் சொன்னார். தலைவர் கை நனைத்த தொட்டியாம். வேறு யாரும் தொடக் கூடாதாம். முழுவதையும் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பித் தர வேண்டுமாம். மனிதர் செத்து நூறு வருடத்துக்கு மேலாகியும் தண்ணீர் மட்டும் அவருடையதாம்!

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வாப்பா யாரென்று இவனுக்குத் தெரியாது. வாய்க்காலை மறித்தான் என்று மாவடிப்பள்ளி வயலில் ஒருவனை மண்வெட்டியோடு துரத்தியவர் அவர். இப்போது பார் உன் பாட்டை என்று நின்றேன்.

வாப்பா ஈரக் காலோடு எழும்பி ராத்தாவைப் பார்த்தார். அவள் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் மாப்புக் கேட்டதாச் சொல்லுங்க மருமகன்," என்றார் மச்சானிடம். "வாளி ஒண்டும் கேட்டு வாங்குங்க."

தொட்டியை இறைத்தார். பிறகு காவல்காரன் வீட்டுக் கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தார். மச்சான் கை நீட்டியும் கொடுக்கவில்லை. அந்த ஆள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாப்பா, நீங்க ஏன் ஒண்டும் கதைக்கல்ல? இவனுக்குப் பயமா?"

"சும்மா இரி புள்ள."

அவர் கீழே வைத்த வாளியை எட்டி உதைத்தேன். தண்ணீர் காவல்காரன் காலில் போய்ப் பாய்ந்தது. மறுநொடி என் கன்னத்தில் அறை விழுந்தது. அதுவரை வாப்பா என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. அடித்துவிட்டு அவனைப் பார்த்துத் தலை குனிந்தார், வெறும் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குத் திரும்பிப் போனார்.

வரும் வழியெல்லாம் நான் அவருடைய முகத்தைப் பார்க்கவே இல்லை. தோடம்பழம் வாங்கித் தந்தார், தொடவில்லை. ஊரில்தான் சண்டியர், வெளியே போனால் பயந்தாங்கொள்ளி என்று எனக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா கேட்ட முதல் கேள்வி, "புள்ளக்கி அங்க தண்ணி வசதி எப்புடி?"

"கிணறு கிட்டத்தான் கிடக்கு," என்றார் வாப்பா. "நல்ல தண்ணி. வீட்டுக்காரனும் கரச்சல் இல்லாத மனிசன்."

பொய் என்று கத்திவிட்டு உள்ளே ஓடினேன். விடிந்தால் ராத்தா வாளியோடு அந்தக் கிணற்றடிக்குத்தான் தனியாகப் போக வேண்டும் என்பது எனக்கு அப்போது எட்டவே இல்லை.