இல்லாத தெருவுக்கு ஒரு ஸ்டாப்

அம்மாவின் காரியம் முடிந்த மறுநாள் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கன்னியம்மா என்ற அவள் பெயரை இனி யார் வாய்விட்டுச் சொல்லப் போகிறார்கள் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. மறைமலைநகருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

தொண்ணூறுகளில் அங்கே ஒரு மண் தெருவில் அம்மா இட்லிக் கடை வைத்திருந்தாள். பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஓடுவார்கள். பிறகு கம்பெனி விரிந்தது. கடையும் போயிற்று, தெருவும் போயிற்று.

தெருப் பெயரைச் சொல்லி மத்தியானம் முழுக்க விசாரித்தேன்.

"அப்டி ஒரு தெருவே இங்க கெடையாது சார்."

எங்கே திரும்பினாலும் கம்பெனிச் சுவர். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாயங்காலம் எரிச்சலோடு ஒரு கம்பெனி பஸ்ஸுக்குக் கை காட்டினேன்.

"வெளியாள ஏத்தக்கூடாது. சரி, ஸ்டேஷன் வரைக்கும் ஏறு சார்" என்றார் டிரைவர்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் குரல் கொடுத்தார். "கன்னியம்மா கடை எறங்கு!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இறங்க எழுந்த பெண்ணிடம், "யாரும்மா கன்னியம்மா?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்ணா? நா வேலைக்கு வந்ததுலேந்து ஸ்டாப் பேரு அதான்."

அவள் பின்னாலேயே நானும் இறங்கினேன்.

"இங்க சுவருதான் கீது, இன்னாத்துக்கு சார் எறங்குற?" என்றார் டிரைவர்.

மத்தியானம் முழுக்கத் தெருப் பெயரைக் கேட்டே அலைந்தவன் நான். அம்மா பெயரைச் சொல்லிக் கேட்கத் தோன்றவே இல்லை.

பஸ் கிளம்பியது. நாளை சாயங்காலமும் அவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.