நிலா ஆடிய படம்

என் அண்ணன் தன்னூன் வாழ்நாளில் அதிகம் சொன்ன வார்த்தை "அசையாதீங்க" என்பதுதான். மோசூலில் ஸர்ஜ்கானா கடைத்தெருவில் அவனுக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. அடையாள அட்டை, பாஸ்போர்ட், பட்டாளத்துப் படிவம் என்று எதற்குப் படம் வேண்டுமானாலும் எங்கள் பக்கத்து ஜனம் அவனிடம்தான் வந்து உட்காரும். சொல்லிச் சொல்லி அதுவே அவனுக்குப் பட்டப்பெயரும் ஆகிவிட்டது. 'அசையாதே தன்னூன்' வீடு எது என்று கேட்டால் பேசத் தெரியாத குழந்தைகூடக் கையைக் காட்டும். அவன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவ்வளவு நேரம் அசையாமல் இருக்க எந்தப் பெண் சம்மதிப்பாள் என்று தெருவே கேலி பேசியது. எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவன் சிரித்துக்கொண்டு போய்விடுவான்.

புருஷன் போன பிறகு நான் அவனோடு வந்து தங்கியவள். அவன் மனசில் இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். இருபத்தைந்து வருஷமாகப் படம் எடுக்கிறான், ஒன்றையாவது யாராவது இரண்டாம் தடவை பார்த்ததுண்டா? வாங்கின கையோடு ஒட்டுவார்கள், ஒட்டின கையோடு முகத்தின் மேல் முத்திரை குத்துவார்கள். யாரும் முத்திரை குத்த முடியாத படம் ஒன்று எடுக்க வேண்டும் என்று அடிக்கடி சொல்வான். எழுபத்தெட்டாம் வருஷம் அதற்கு வழி பிறந்தது. பாக்தாதில் ஒரு படக் கண்காட்சி வைக்கப்போவதாகப் பத்திரிகையில் வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் முழு சந்திர கிரகணமும் வந்தது.

அவன் யோசனை இதுதான். பொழுது சாயும்போதே, வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருக்க, ஸ்டூடியோவின் பெரிய மரக் கேமராவை எங்கள் மொட்டைமாடியில் நிறுத்தி, பெரிய மசூதியின் சாய்ந்த கோபுரத்தை, எங்கள் ஊர் மினாராவை, ஒரு தடவை எடுத்துவிட வேண்டும். பிறகு அதே பிலிமில், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை லென்ஸ் மூடியைத் திறந்து திறந்து, நிலா மேலே ஏற ஏறப் பதிய வேண்டும். கடைசியில் மினாராவுக்கு மேலே நிலாக்கள் படி வைத்த மாதிரி வரிசையாக ஏறி நிற்கும். முழு நிலா, கடிபட்ட நிலா, இருண்ட நிலா, திரும்பி வந்த நிலா. நாலு மணி நேரமும் கேமரா ஒரு மயிரிழைகூட அசையக் கூடாது. நான் கடிகாரம் பார்த்து நேரம் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு பெரிய வில்லங்கம் இருந்தது. கிரகணம் என்றால் எங்கள் ஊரில் சும்மா இருப்பார்களா? திமிங்கிலம் நிலாவை விழுங்கிவிட்டது என்று ஆளாளுக்குச் சட்டி, தாம்பாளம், உலக்கை எதையாவது தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு வந்துவிடுவார்கள். விட்டுவிடு, எங்கள் நிலாவை விட்டுவிடு என்று கத்திக்கொண்டே தட்டுவார்கள். குதிப்பார்கள். படித்தவர்களும் தட்டுவார்கள், அறிவியல் வாத்தியார்தான் எல்லோரையும்விட ஓங்கித் தட்டுவார். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும். ஒரு மாடியில் குதித்தால் ஏழாவது வீட்டு மாடியில் தேநீர்க் குவளை கிணுகிணுக்கும். கேமரா எப்படி நிற்கும்?

இந்தப் படைக்குத் தளபதி பக்கத்து வீட்டுக் கானிம் அம்மா. கல்யாண வீடுகளுக்குக் கோதுமை மாவுக்குள் கறி வைத்துத் தட்டையான பெரிய குப்பா செய்து கொடுப்பவள். அதை அடுக்குகிற செம்புத் தாம்பாளம் தெருவிலேயே பெரியது. அவள் தட்ட ஆரம்பித்தால்தான் மற்றவர்கள் தட்டுவார்கள். அண்ணன் போய் அவளிடம் கேட்டான். இந்த ஒரு தடவை மட்டும் யாரும் தட்டாமல் இருக்க வேண்டும் என்றான். அவள் குப்பா மாவைப் பிசைந்துகொண்டே முறைத்தாள்.

"ஏன்டா, யூனுஸ் நபி ஊர்ல பொறந்தவன்தானே நீ? அவரையே வயித்துக்குள்ள வெச்சிருந்துட்டு வெளிய விட்ட மீனு, நிலாவ விடாதா? ஆனா நம்ம கேக்கணும்ல. கேக்காம எவன்டா குடுப்பான்?"

அது தானாகவே வெளியே வரும் பெரியம்மா, பூமியோட நிழல்தான் அது என்று அவன் சொல்லிப் பார்த்தான். அந்த நிழல் அங்கேயே தங்கிவிடாமல் இருக்கத்தான் தட்டுகிறோம் என்றாள். இவளோடு வாதாட முடியுமா? அவன் எழுந்துவிட்டான். வாசல்வரை போனவனை அவள்தான் திரும்பக் கூப்பிட்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் மகன் கானிம் டைகிரிஸ் ஆற்றில் குளிக்கப் போய்த் திரும்பவில்லை. பதினெட்டு வயசு. அப்போது வீட்டில் அவன் படம் ஒன்றுகூட இல்லை. அடையாள அட்டைக்கு எடுத்த பிலிமைத் தேடிப் பிடித்து, அண்ணன் அதைச் சுவரளவு பெரிதாக்கிக் கொடுத்திருந்தான். கானிம் அம்மா தினமும் எழுந்ததும் பார்க்கிற முகம் அது.

"என் கானிமுக்காக ஒரு ராத்திரி கைய கட்டிக்கிட்டு இருக்கேன் போ," என்றாள். தெருவுக்கும் அவளே சொல்லிவிட்டாள்.

அந்த இரவை நான் மறக்க மாட்டேன். வெயில் காலத்துப் படுக்கை இன்னும் மாடியில்தான். எல்லா மாடியிலும் ஜனம், ஆனால் ஒரு சத்தம் இல்லை. தர்பூசணி தின்கிறவர்கள்கூட விதையைக் கையில் துப்பினார்கள். யாராவது கட்டிலில் புரண்டால் நாலு பேர் ஒன்றாக "அசையாதே" என்று கிசுகிசுத்தார்கள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எட்டரை மணி சுமாருக்கு நிலாவின் ஓரம் கறுத்தது. நான் நேரம் சொன்னேன், அண்ணன் மூடியைத் திறந்தான், மூடினான். ஒன்பதரைக்கு முன்னால் நிலா முழுக்க உள்ளே போய்விட்டது. ஈயம் பூசாத பழைய செம்புச் சட்டி மாதிரி ஒரு நிறத்தில் தொங்கியது. அப்போதுதான் சிரிப்பு நின்றது.

கானிம் அம்மா எங்கள் மாடியிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். தாம்பாளத்தைப் பழக்க தோஷத்தில் எடுத்து வந்துவிட்டாள். அதை மடியில் கவிழ்த்து வைத்து, இரண்டு கையையும் அதன்மேல் போட்டிருந்தாள். பத்து மணி ஆயிற்று. பத்தேகால் ஆயிற்று. நிலா வரவில்லை. இருட்டு நிலாவுக்கு மூடியை ஒரு நிமிஷம் திறந்து வைக்க வேண்டும். பத்து இருபதுக்கு அண்ணன் திறந்தான், நான் எண்ணத் தொடங்கினேன். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டேன். தாம்பாளத்தின் மேல் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. கானிம் அம்மா அழுதுகொண்டிருந்தாள். அண்ணன் குனிந்து என்ன பெரியம்மா என்று கேட்டான்.

"அன்னிக்கும் இப்படித்தான்டா. ஆத்தங்கரைல நான் கத்தினேன். ஆளுங்க தேடுறாங்க, நீ சத்தம் போடாம இருன்னாங்க. இருந்தேன். நான் கேக்காம விட்டுட்டேன்டா, தன்னூனு."

நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அண்ணன் கேமராவைப் பார்த்தான். மூடி திறந்தே இருந்தது. இன்னும் அரை நிமிஷம் பொறுத்திருந்தால் போதும். அவன் பொறுக்கவில்லை. அவள் மடியிலிருந்த தாம்பாளத்தை எடுத்து, இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, அதன் கொக்கியால் ஓங்கி ஒரு அடி அடித்தான். "கேளுங்க பெரியம்மா," என்று கத்தினான். அவன் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அவ்வளவுதான், தெரு வெடித்தது. அத்தனை நேரம் அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக வந்தது. எல்லா மாடியிலும் சட்டி, உலக்கை, தகர டப்பா. கானிம் அம்மா எழுந்து நின்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள். அவள் நிலாவை மட்டும் கேட்கவில்லை, மகன் பேரையும் சொல்லித்தான் கேட்டாள். அண்ணன் குதித்துக் குதித்து அடித்தான். நானும் கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கதவு நாதாங்கியைப் பிடித்து ஆட்டினேன். பத்தே முக்காலுக்கு நிலாவின் ஓரத்தில் வெளிச்சம் கீறியபோது குலவைச் சத்தம் ஆற்றுக்கு அந்தக் கரைக்கே கேட்டிருக்கும். பார்த்தியா, விட்டுடுச்சு என்று கானிம் அம்மா அண்ணனின் தலையைத் தடவினாள். அப்போதுதான் அவன் கேமராவை நினைத்துக்கொண்டு ஓடிப்போய் மூடினான். மிச்ச நிலாக்களையும் நான் நேரம் சொல்ல அவன் எடுத்து முடித்தான்.

மறுநாள் இருட்டறையிலிருந்து அவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்று அழுதேன். அவனுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. படத்தில் முதல் பாதி நிலாக்கள் அவன் நினைத்தபடியே படிப்படியாக ஏறின. நடுவில் ஒரே நெளிசல், குழந்தை கரித்துண்டால் கிறுக்கினது போல. அதற்குப் பின் வந்த நிலாக்கள் வரிசை விட்டு விலகி நின்றன. பாக்தாதுக்கு அவன் அதை அனுப்பவில்லை. ஸ்டூடியோவில் மாட்டினான். முத்திரைக்கு முகம் காட்ட வந்தவர்களெல்லாம் அது என்ன கிறுக்கல் என்று கேட்டார்கள். அவன் விரல் வைத்துச் சொல்வான்: இந்த வளைவு கானிம் அம்மா, இந்தக் குதிப்பு வாத்தியார், இந்த நடுக்கம் என் தங்கச்சி. பார்த்தவர்கள் இரண்டாம் தடவையும் பார்த்தார்கள்.

கானிம் அம்மா போனாள். அண்ணன் தூக்கத்திலேயே போனான், கொடுத்துவைத்தவன். பிறகு வந்த சண்டையில் மினாரா விழுந்தது. எங்கள் தெருவில் ஒரு மாடிகூட மிச்சமில்லை. நான் அந்தப் படத்தை மாவுப் பைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்து நகரமான எர்பிலுக்கு நடந்து வந்தேன். எனக்கு அந்தத் தெரு வேண்டும். அந்தச் சத்தம் வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன மாதம் படத்தின் ஓரம் பொடிய ஆரம்பித்தது. இங்கே ரூனாக் என்ற குர்திஷ் பெண் வைத்திருக்கும் போன் கடைக்குப் பிரதி எடுக்கக் கொண்டு போனேன். நல்ல பெண், பொறுமையாகக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"பாட்டி, நடுவுல கேமரா ஆடியிருக்கு. இந்த நெளிசல எடுத்துட்டு, நிலாவெல்லாம் நேரா அடுக்கித் தரேன். ரெண்டு நிமிஷ வேலைதான்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எடுத்துடாதம்மா. அங்கதான் நாங்க எல்லாரும் இருக்கோம்."

அவள் திரும்பவும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு இருந்தது இருந்தபடியே அச்சடித்துக் கொடுத்தாள்.