வடக்கே விழுந்த நிழல்கள்

மத்தியானத்தில் மனிதனின் நிழல் காலடியில்தான் கிடக்க வேண்டும் என்பதில் பத்து வயது வரை எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஜொகூரில், ஸ்கூடாயில் இருக்கும் எங்கள் தாமான் குடியிருப்பில் அப்படித்தான் இருந்தது. பள்ளி வேனிலிருந்து இறங்கினால், நிழல் சப்பாத்தோடு ஒட்டிக்கொண்டு வீட்டு கேட் வரைக்கும் வரும். அதனால் சித்தி ஐரோப்பாவுக்குப் போய் வந்து காட்டிய முதல் படத்திலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாரிசின் இரும்புக் கோபுரத்துக்கு முன்னால் சித்தி நிற்கிறாள். பகல் பன்னிரண்டு மணி என்கிறாள். அவளுடைய நிழலோ இரண்டு ஆள் நீளத்துக்கு மேல் தரையில் படுத்துக் கிடக்கிறது.

"பொய் சொல்றீங்க சித்தி. இது சாயந்தரம் எடுத்தது" என்றேன்.

"அலமாக், இவளோட பெரிய ரோதனையா போச்சுலா" என்று சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு குளிர்பெட்டியிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து, வயிற்றில் ஒரு பல்குத்தும் குச்சியும் தோளில் இன்னொன்றும் குத்தி, கைபேசி விளக்கை அடித்துக் காட்டினாள். வயிற்றுக் குச்சிக்கு நிழலே இல்லை. அது ஜொகூர். தோள் குச்சியின் நிழல் நீண்டு போய் வடக்கே விழுந்தது. அது ஐரோப்பா. உலகம் முழுவதும் எங்கள் தாமானைப் போல இல்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அதிர்ச்சியில் ஆரஞ்சுப் பழத்தை நானே உரித்துத் தின்றுவிட்டேன்.

சித்தி என் அம்மாவின் ஒரே தங்கை. சாஆ என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் அவர்களுடைய அப்பா அம்மா அடுத்தடுத்து இறந்துபோனபோது சித்திக்குப் பள்ளிக்கூட வயது. அம்மாதான் வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணமாகி இங்கே வந்தபோது சீதனம் போலக் கையோடு கூட்டிக்கொண்டும் வந்தாள். சித்தி சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்றில் வேலை செய்தாள். விடிவதற்கு முன்பே பஸ் ஏறிப் போய், இருட்டிய பிறகுதான் திரும்புவாள். அத்தனை சம்பாதித்தும் அம்மாவைக் கேட்காமல் ஒரு சேலைகூட எடுத்ததில்லை. ஐரோப்பாவுக்கும் கேட்டுத்தான் போனாள். ஆபிஸ் பெண்களெல்லாம் டிசம்பரில் டூர் போகிறார்கள் என்றாள். வந்ததும் கல்யாணப் பேச்சுக்கு மறுப்பு சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு அம்மா அனுப்பி வைத்தாள்.

சனிக்கிழமைதோறும் சித்தி தம்ப் டிரைவைத் தொலைக்காட்சியில் செருகுவாள். எனக்கு வாராவாரம் அதிர்ச்சி. ஹாலந்தில் கடல் மேலே இருக்கிறது, ஊர் கீழே இருக்கிறது என்றாள். அன்று ராத்திரி தூக்கத்தில் நான் நீந்தியதாக அம்மா சொன்னாள். வெனிசில் தெருவே தண்ணீர். நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. எல்லாவற்றையும்விட நம்ப முடியாதது ரைன் நதி. அது பாஸ்போர்ட்டே இல்லாமல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் சிங்கப்பூருக்குப் போகும் ஒரு பாலத்தைத் தாண்டவே சித்தி தினமும் எத்தனை நேரம் வரிசையில் நிற்கிறாள்!

அவள் சொல்லித் தந்த வித்தை ஒன்றுதான். படத்தில் நிற்கும் ஆளைப் பார்க்காதே, நிழலைப் பார். அங்கே மத்தியானம் எடுத்த படமென்றால் நிழல் விழும் பக்கம் வடக்கு. எத்தனை பேர், எவ்வளவு உயரம், தலையில் என்ன, எல்லாவற்றையும் நிழலே சொல்லிவிடும். ஒரு மாதத்தில் நான் புலியாகிவிட்டேன். படங்கள் எல்லாம் வரிசையாக மனப்பாடம். எல்லாவற்றிலும் சித்தி தனியாகத்தான் நின்றாள்.

ஜனவரியில் தங்காக்கிலிருந்து பெண் பார்க்க வருவதாக முடிவானது. துணிக்கடைக் குடும்பம், நல்ல இடம். பிடித்துப்போனால் அன்றைக்கே தட்டு மாற்றிவிடலாம் என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். "கொஞ்ச நாள் போகட்டுமேக்கா" என்று சித்தி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "உனக்கு நான் கெடுதல் செய்வேனா?" என்று அம்மா கேட்டாள். அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் யாரிடமும் பதில் கிடையாது.

காபி கொடுத்த கையோடு ஐரோப்பாப் படங்களைக் காட்ட வேண்டும் என்பது அம்மாவின் ஏற்பாடு. தங்கச்சி உலகம் சுற்றியவள் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிய வேண்டுமாம். அன்று காலை சித்தி தலைக்குக் குளித்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்ன செய்கிறாள் என்று கேட்டேன். படங்களை அடுக்குகிறாளாம். பிறகு என் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, இன்னைக்கு நீதான் டீச்சர். நான் என்ன கேட்டாலும் பயப்படாம சத்தமா சொல்லணும், சரியா?"

அவள் கை சில்லென்று இருந்தது. குளித்த ஈரம் என்று நினைத்தேன்.

வந்தவர்கள் சோபாவில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை தலையைக் குனிந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தார். நான் மரக்கோல் ஒன்றை வைத்துக்கொண்டு ஊர் ஊராக விளக்கினேன். ரைன் நதிக்கு மாப்பிள்ளையின் அப்பா கைதட்டினார். ஹாலந்தின் கடலைக் கேட்டு மாப்பிள்ளையின் அம்மா வாயில் கைவைத்தார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. வெற்றிலை பாக்கு, பழம், பட்டுச்சேலையோடு தட்டு சாமி மேடைக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது.

வெனிஸ் முடிந்ததும் நான் பார்த்தே இராத படம் ஒன்று வந்தது. வெள்ளை வெளேரென்று பனிச்சரிவு, தூரத்தில் ஊசியிலை மரங்கள். ஆள் யாருமில்லை. படத்தின் கீழ் விளிம்பிலிருந்து இரண்டு நிழல்கள் மட்டும் பனியின்மேல் நீளமாக விழுந்து கிடந்தன.

"பாப்பா," என்று சித்தி கேட்டாள். சமையலறை வாசலில் இரண்டாம் சுற்றுக் காபித் தட்டோடு நின்றிருந்தாள். "சுவிட்சர்லாந்து, பகல் பன்னெண்டு மணி. இந்தப் படத்துல நிழல் என்ன சொல்லுது?"

படிக்காத கேள்வி! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எழுந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போனேன்.

"இவங்க வடக்கப் பாத்து நிக்கிறாங்க. மொத்தம் ரெண்டு பேரு. இது சித்தி, தொப்பி மேல பந்து தெரியுது பாருங்க. பக்கத்துல நிக்கிறவரு ஆம்பள, நல்ல ஒசரம். ரெண்டு நிழலும் நடுவுல ஒட்டியிருக்கு, அப்படின்னா கை கோத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்றேன். பள்ளிக்கூடச் சபைகூடலில் பேசுகிற குரலில், தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

கைதட்டலுக்காகத் திரும்பினேன். மாப்பிள்ளையின் அம்மா கோப்பையை மேசையில் வைத்தார். வாயிலிருந்த முறுக்கை மாப்பிள்ளை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. என் அம்மாவின் முகம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துப் போயிருந்தது.

"யாரும்மா அது?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

சித்தி கேட்டவரைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள். "நான் கட்டிக்க நெனைக்கிறவருக்கா. எங்க கம்பெனிதான். சீனரு" என்றாள். அதைச் சொல்லி முடித்ததும் காபித் தட்டை அம்மாவின் பக்கம் நீட்டினாள். என் அப்பா ஓடிப்போய் வாங்கிக்கொண்டார்.

வந்தவர்கள் சண்டை போடவில்லை. இருட்டுவதற்குள் தங்காக் போய்ச் சேர வேண்டும் என்றார்கள். அப்போது மணி மூன்றுகூட ஆகவில்லை. செருப்பை மாட்டும்போது மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "நல்லா சொல்லிக் குடுத்தீங்க டீச்சர்" என்றார். கார் முனை திரும்பியதும் அம்மா உள்ளே வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

அந்த அடியை என்னால் நம்பவே முடியவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால் சரி. வடக்கு சரி, தொப்பி சரி, கை கோத்திருந்ததும் சரி. எல்லாம் சரியாகச் சொன்னவளுக்கு அடியா! அழுதுகொண்டே சித்தியைப் பார்த்தேன். அவள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதாள். எனக்கு விழுந்த அடிக்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லடி" என்று அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனையோ தடவ வந்தேன்க்கா. உன் மொகத்தப் பாத்தா வார்த்தயே வரல."

அதன்பிறகு அம்மா சித்தியோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் மூடிவைத்திருப்பாள். சனிக்கிழமை வகுப்பும் நின்றுபோனது. சீனப் புத்தாண்டுப் பெருநாள் வந்தது. ஒருநாள், ஒரு மணி வெயிலில் உயரமான ஒருவர் ஆரஞ்சுப் பழப் பெட்டியோடு எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றார். நான் ஓடிப்போய் முதலில் அவர் காலைத்தான் பார்த்தேன். நிழல் சப்பாத்துக்குள் சுருண்டு கிடந்தது. பனியில் விழுந்து கிடந்தது இவருடையதுதானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்குப் பெருத்த ஏமாற்றம். அம்மா சன்னல் வழியாக ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டை முழுவதும் வியர்வையில் நனைந்த பிறகு, "வெயில்ல நிக்கிறாரு, உள்ள வரச் சொல்லு" என்றாள். அவள் சித்தியிடம் மறுபடி பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவர் இன்றைக்கு என் சித்தப்பா. எங்கள் வீட்டுத் தீபாவளி முறுக்கை யாரையும்விட அதிகமாகத் தின்கிறவரும் அவர்தான். படிக்காத கேள்விக்குப் பதில் சொன்னவள் என்று நான் பல வருடங்கள் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். எல்லாப் படமும் எனக்கு மனப்பாடமாக இருக்க, அந்த ஒரு படம் மட்டும் அன்றைக்கு எப்படி வந்தது என்று யோசித்ததே இல்லை. ஈரத்தலையோடு உட்கார்ந்து அதைக் கடைசியாகச் செருகியவளின் கை ஏன் அவ்வளவு சில்லிட்டிருந்தது என்பதும் அப்போது எனக்குத் தெரியவில்லை.